பல் கட்டுகிற சந்தனா செய்த போர் விமானம்

திருவண்ணாமலையிலும் சுற்று வட்டாரத்திலும் ஐந்நூறு அறுநூறு பேர் வாயில் சந்தனாவின் கைவேலை இருக்கிறது. அவர்களில் சந்தனாவைத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். டாக்டர் அளவெடுத்து அனுப்புவார், சந்தனா பல் செய்து கொடுப்பார், டாக்டர் மாட்டிவிடுவார். மாட்டிக்கொண்டவர்கள் டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். பல் சரியாக உட்காராவிட்டால் மட்டும் டாக்டர், "லேபுக்குத் திருப்பி அனுப்பறேன்" என்பார். அந்த லேப்தான் சந்தனா.

திருமஞ்சன கோபுரத் தெருவில் ஒரு பல் மருத்துவமனைக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடி அறை. ஒரு மேசை, ஒரு ஸ்பிரிட் விளக்கு, மெழுகு, பிளாஸ்டர் மாவு, ஒரு சின்ன அரவை மோட்டார். இருபது வருடமாக அங்கேதான் வேலை. ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்களுக்குப் பல் வெள்ளையாக இருக்கக் கூடாது. கல்யாணம் நிச்சயமான உள்ளூர் மாப்பிள்ளைகளுக்குப் பால் மாதிரி இருக்க வேண்டும். பீடி பிடித்தவருக்கு ஒரே ஒரு பல் கட்டினால் பக்கத்துப் பல்லின் கறை அதிலும் இருக்க வேண்டும். எல்லாம் செய்வார். நல்ல பல் என்பது யார் கண்ணிலும் படாத பல் என்பது அவர் தொழிலின் விதி.

சேத்துப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு சமணக் கிராமத்தில் பிறந்தவர். பன்னிரண்டாவது முடித்ததும் சென்னையில் இரண்டு வருடம் பல் செய்யும் டிப்ளமா படித்தார். அது என்ன படிப்பு என்று ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. டாக்டருக்குப் படிக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். அவரும் திருத்தவில்லை. கணக்கு ஆசிரியரான மகாவீரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தார். வேங்கிக்காலில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. பதினோரு வருடம் ஒரே தெருவில் இருந்தும் அவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார்கள். வெங்காயம் வாங்க மாட்டார்கள். அந்த அம்மா எட்டரைக்கு ஸ்கூட்டரில் கிளம்புவார். மற்றதெல்லாம் போன தை மாதத்துக்கு அப்புறம் அவரே சொன்னது.

சென்ற ஆண்டு ஜூன் மாதம் பீங்கான் பல்லுக்கு நிறம் தீட்டும் தூரிகை ஆறு வேண்டும் என்று இணையத்தில் ஆர்டர் செய்திருந்தார். ஒரு பெரிய பெட்டி வந்தது. தூரிகைக்கு எதற்கு இவ்வளவு பெரிய பெட்டி என்று பிரித்தால், மூடியில் ஒரு ஜெட் விமானம் மேகத்துக்குள்ளிருந்து சீறிக்கொண்டு வரும் படம். உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் முந்நூற்றுச் சொச்சம் துண்டுகள், எது எதோடு ஒட்டும் என்று படம் போட்ட புத்தகம் ஒன்று. மிக்-21 என்ற போர் விமானத்தை நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருக்கி நாமே செய்துகொள்ளும் பொம்மை அது. செய்து முடித்தால் ஒரு அடி நீளம் வரும்.

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி நான்கு முறை போன் செய்தார். நான்காவது முறை ஒரு பெண், "அதை நீங்களே வெச்சுக்குங்க மேடம், உங்க பிரஷ்ஷைத் தனியா அனுப்பிடறோம்" என்று சொல்லிவிட்டாள்.

மகாவீர் பள்ளியிலிருந்து வந்ததும் கேட்டார். "எப்ப வந்து எடுத்துக்கிறாங்களாம்?"

"எடுக்க மாட்டாங்களாம். வெச்சுக்கச் சொல்லிட்டாங்க."

"வெச்சு?"

"தெரியலைங்க."

பெட்டி, வேலூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் அக்ஷயாவின் மேசையில் இரண்டு வாரம் கிடந்தது. ஒரு பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்தால் வழியெல்லாம் அடைத்திருந்தார்கள். ஸ்கூட்டரை எடுக்க முடியாது. மருத்துவமனைக்கும் விடுமுறை. சந்தனா மேசையைத் துடைக்கப் போனவர் பெட்டியைத் திறந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். ஓரத்தில் அச்சில் வார்த்த கோடு துருத்திக்கொண்டிருந்தது. பல் செட்டில் இப்படி ஒரு கோடு இருந்தால் நாக்கு கிழிந்துவிடும். கைப்பையிலிருந்து மெழுகு சுரண்டும் கத்தியை எடுத்து அதை வழித்துவிட்டார். அடுத்த துண்டிலும் கோடு இருந்தது. மாலை ஐந்தரைக்கு மகாவீர் சாப்பிடக் கூப்பிட்டபோது நாற்பது துண்டுகளை வழித்து வரிசையாக அடுக்கியிருந்தார்.

"செய்யப் போறியா?"

"கோட்டை மட்டும் எடுத்துட்டு வெச்சுடறேன்."

மகாவீர் அதை நம்பவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் எதையும் படிப்படியாக யோசிப்பவர். "நமக்கு ஆயுத வியாபாரம் கூடாதுனு இருக்குது. விக்கறதே கூடாதுன்னா செய்யறது?"

"பிளாஸ்டிக்குங்க."

"அதான் தெரியல. பிளாஸ்டிக்கைப் பத்தி எங்கயும் எழுதல." இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டார். "விமானம்ங்கறது ஒரு வண்டி. வண்டியில தப்பு இல்ல. அதுல மாட்டற குண்டு, ராக்கெட்டு, துப்பாக்கி இதெல்லாம் வேணாம். அதை விட்டுட்டு செய்."

சந்தனாவுக்கு அது நியாயமாகப் பட்டது. ஏவுகணைத் துண்டுகள் இருந்த சட்டத்தை மட்டும் பையோடு பெட்டியின் அடியில் வைத்துவிட்டார்.

இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. விமானிக்கான அறையை முதலில் செய்தார். மிளகு அளவு கூட இல்லாத மீட்டர்களுக்கு ஒற்றை முடித் தூரிகையால் வெள்ளை முள் வரைந்தார். அதன் பிறகு உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டினார். இதெல்லாம் அவருக்குக் கஷ்டமாகவே இல்லை. தன்னை மீறி ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. அந்த நம்பிக்கையில்தான் ஆகஸ்ட் கடைசியில் வலது இறக்கையைக் கெடுத்தார்.

இறக்கையில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. அதை அடைக்கப் பல் செட் செய்யும் அக்ரிலிக் பொடியை அதற்குரிய திரவத்தில் குழைத்து அப்பினார். இருபது வருடமாக அவர் கையில் புழங்கும் சரக்கு. ஆனால் அந்தத் திரவம் பொம்மைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் என்று அவருக்குத் தெரியாது. குளித்துவிட்டு வந்து பார்த்தால், இறக்கையின் வெளிப்பாதி வெயிலில் வைத்த வாழைப்பழத் தோல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. நிமிர்த்தப் பார்த்தார். கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்தது.

அன்று சமையலறையில் பாத்திரச் சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டதாக மகாவீர் சொன்னார். வேறொன்றும் நடக்கவில்லை.

இடது இறக்கையை அச்செடுத்து வார்த்துக்கொள்ளலாமே என்று அவர் யோசனை சொன்னார்.

"இடதை அச்செடுத்தா இன்னொரு இடதுதான் வரும்" என்றார் சந்தனா. "வலது கடைவாய்க்கு இடது பல்லை வெக்க முடியாதுல்ல."

பல் செய்கிற முறையிலேயே செய்தார். கெட்ட பாதியை அறுத்து எடுத்தார். கண்ணாடியில் இடது இறக்கையைக் காட்டி, அதில் தெரிந்ததைப் பார்த்து மெழுகில் ஒரு வலது பாதியைச் செதுக்கினார். அதை லேபுக்கு எடுத்துப் போய்ப் பிளாஸ்டரில் புதைத்து, மெழுகை உருக்கி வெளியே ஊற்றிவிட்டு, அந்தக் குழியில் அக்ரிலிக்கை அடைத்து வெந்நீரில் வேகவைத்தார். உடைத்து எடுத்தபோது இறக்கை அச்சாக வந்திருந்தது. லேபில் இருந்த அக்ரிலிக் எல்லாம் ஈறு செய்வதற்கானது என்பதால் அது ரோஜா நிறத்தில் இருந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சாம்பல் நிற விமானத்தில் அதைப் பொருத்திக் காய்வதற்காக லேப் மேசையில் நிறுத்தினார்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குப் பரசுராமன் வந்தார்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தவர். அறுபத்திரண்டு வயது, நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. கீழ்ச் செட்டு பேசும்போது டக்டக் என்று அடிக்கிறதாம். டாக்டர் வெளியே போயிருந்ததால் உதவியாளர் பெண் அவரை நேராகப் பின்னால் அனுப்பிவிட்டாள். அவர் சட்டைப் பையில் காகிதத்தில் மடித்து வைத்திருந்த செட்டை எடுத்து நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. கண் மேசைக்குப் போய்விட்டது.

"ஏம்மா, மிக்குக்கு எதுக்கு ஈறு கட்டி வெச்சிருக்கீங்க?"

கீழ்ப் பல் இல்லாததால் அவர் சொன்னது சந்தனாவுக்கு முதலில் புரியவில்லை. இரண்டாம் முறை சொன்னதும் நடந்ததைச் சொன்னார். பரசுராமன் கையைத் துடைத்துக்கொண்டு, "தொடலாமா?" என்று கேட்டார். எடுத்தவர் மூக்கையோ வாலையோ பார்க்கவில்லை. உடனே கவிழ்த்து வயிற்றைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"ஏர்ஃபோர்ஸ்ல இருந்தீங்களா சார்?"

"இருபது வருஷம். அதுல பதினேழு வருஷம் இதுக்கு அடியில." சந்தனாவுக்கு விளங்கவில்லை என்று கண்டு சேர்த்துச் சொன்னார். "சக்கரம், பிரேக்கு, ஹைட்ராலிக் குழாய் இதெல்லாம் நம்ம வேலை. எல்லாமே அடியில இருக்குது. மல்லாக்கப் படுத்துக்கினு செய்யணும்."

அதன் பிறகு ஒரு முக்கால் மணி நேரம் பொம்மையின் வயிற்றில் எங்கே என்ன இருக்க வேண்டும் என்று சொன்னார். இந்த மூடியில் திருகு ஆறு, ஐந்து இல்லை. இந்த ஓட்டை வழியாக மிச்ச எண்ணெய் சொட்டும், சொட்டியது காற்றில் பின்பக்கமாக இழுபடும், அதனால் கறை வட்டமாக இருக்காது, வால் மாதிரி நீளும். எல்லா விமானமும் கொஞ்சம் ஒழுகும், ஒழுகாவிட்டால்தான் உள்ளே எண்ணெய் இல்லை என்று பயப்பட வேண்டும். சந்தனா பிளாஸ்டர் மூட்டையின் காகிதத்தைக் கிழித்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். கடைசியில் கேட்டார்.

"மேல்பக்கம் எப்படி இருக்கும் சார்? பெயின்ட் அடிக்கணும்."

பரசுராமன் விமானத்தை நிமிர்த்திப் பார்த்தார். புதிதாக ஒருவரை அறிமுகப்படுத்தியது போல அவர் முகம் இருந்தது.

"தெரியலம்மா. மேல நான் சரியா பாத்தது இல்ல."

"ஏணி போட்டு ஏறினது இல்லையா?"

"ஏறியிருப்பேன். பாக்கல."

பல் செட்டைச் சரிசெய்து கொடுக்க ஐந்து நிமிடம்தான் ஆனது.

துப்பாக்கி விஷயத்தில்தான் சிக்கல் வந்தது. அந்த விமானத்தின் வயிற்றிலேயே இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று புதைந்திருக்கும். சந்தனா அதை விட்டுவிட்டதால் அங்கே நீளமாக ஒரு பொத்தல் இருந்தது. மூடியை ஒட்டி மறைத்துவிடலாம் என்றிருந்தார். அடுத்த வாரம் வந்த பரசுராமனால் அதைத் தாங்க முடியவில்லை.

"மூடினா பொய்யாயிடும்மா. அங்க துப்பாக்கி இருக்கணும்."

"எங்க வீட்ல ஆயுதம் வெக்கறது இல்லைங்க."

"பிளாஸ்டிக்தான?"

"அதைப் பேசி முடிச்சுட்டோம்ங்க."

பரசுராமன் வாதாடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். பிறகு, "கழட்டின மாதிரி வெச்சிடலாமே" என்றார். பராமரிப்புக்காகத் துப்பாக்கியை இறக்கி எடுத்துப் போவார்கள். அது வேறு ஆட்களின் வேலை. ஆனால் எடுத்த பிறகு அந்தக் குழி எப்படி இருக்கும் என்பது அதற்குப் பக்கத்தில் படுத்திருந்தவருக்குத் தெரியும். குழாய்கள், கம்பிகள், மாட்டும் கொக்கிகள். பொம்மைப் பெட்டியில் அதற்கான துண்டு ஒன்றுகூட இல்லை. எல்லாம் கையால் செய்ய வேண்டும்.

அன்று மாலை சந்தனா இதை மகாவீரிடம் சொன்னார். துப்பாக்கி இல்லாத துப்பாக்கிக் குழி. மகாவீர், "இல்லாததைத்தான காட்டற? அது சரிதான்" என்றார்.

அந்தக் குழிக்கு மட்டும் ஆறு வாரம் ஆயிற்று. கோணல் பல்லுக்குக் கட்டும் எஃகுக் கம்பியில் மெல்லியதாகப் பார்த்து வளைத்துக் குழாய்கள் செய்தார். கொக்கிகளை மெழுகில் சமைத்து வார்த்தார். பரசுராமன் புதன்கிழமைதோறும் வந்தார். ஒவ்வொரு முறையும் பல் செட்டில் ஒரு குறை இருந்தது. ஒரு புதன் இந்தப் பக்கம் உரசியது, அடுத்த புதன் அந்தப் பக்கம். ஐந்தாவது புதன் சந்தனா செட்டை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். குறையே இல்லை. அரவை மோட்டாரைச் சும்மா ஓடவிட்டுச் சத்தம் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பரசுராமன் போட்டுப் பார்த்து, "இப்பதான் சரியா உக்காந்துச்சு" என்றார்.

அந்த செப்டம்பரில்தான் மிக்-21க்கு விமானப்படை ஓய்வு கொடுத்தது. அதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று சந்தனா கேட்டார்.

"நான் ரெண்டாயிரத்து மூணுலயே ரிட்டயர் ஆயிட்டேன். அது என்னைவிட இருபத்திரண்டு வருஷம் ஜாஸ்தி வேலை செஞ்சிருக்குது" என்றார் பரசுராமன். அவ்வளவுதான். கம்பி ஒன்று அரை மில்லிமீட்டர் இடது பக்கம் தள்ளியிருக்கிறது என்று அடுத்துச் சொன்னார்.

வேறொரு நாள் தன் மனைவி ராணியம்மாளைப் பற்றிச் சொன்னார். கல்யாணமாகி முப்பத்தேழு வருடம். அந்த அம்மா ஒரு முறைகூட அவர் வேலை செய்த இடத்துக்குப் போனதில்லை. நிலம், மாடு, மாமியார் என்று கீழ்பென்னாத்தூரிலேயே இருந்துவிட்டார். புருஷனுக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும், "பட்டாளத்துல ரிப்பேர் வேலை" என்பார். எதை ரிப்பேர் செய்தார் என்று யாரும் கேட்டதில்லை.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே" என்றார் சந்தனா.

"என்னானு சொல்றது? லீவு இருபது நாளு. வந்தா கெணறு தூர்வாரணும்."

கார்த்திகை தீபத்தை ஒட்டி ஊருக்குள் வண்டி நுழைய முடியாமல் மருத்துவமனை நான்கு நாள் மூடியிருந்தது. அந்த நான்கு நாளில் வண்ணம் முடிந்தது. காற்றால் தெளிக்கும் கருவி அவரிடம் இல்லை. பீங்கான் ஏற்றுகிற மாதிரி நீர்த்த வண்ணத்தைத் தூரிகையால் ஏழு பூச்சுப் பூசினார். மேல்பக்கத்துக்குப் புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்துப் பச்சையும் பழுப்பும். ரோஜா நிற இறக்கை மூன்றாவது பூச்சில் மறைந்தது. அடிப்பக்கத்துக்கு வெளிர் நீலம் கலந்த சாம்பல். கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் கறை ஏற்றுவது போல ஒவ்வொரு கோட்டிலும் கரும்பழுப்பை ஓடவிட்டு ஒற்றி எடுத்தார். எண்ணெய்க் கறைகளைப் பரசுராமன் சொன்ன திசையில் இழுத்தார். பிரேக்கிலிருந்து வரும் கரித்தூள், ஆட்கள் கை வைத்து வைத்து மங்கிய இடங்கள், ஒரு மூடியில் மட்டும் திருப்புளி நழுவிக் கீறிய வெள்ளைக் கோடு. அந்தக் கீறலைப் பார்த்த பரசுராமன், "இது யார் சொன்னாங்க?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல. இவ்ளோ திருகு இருந்தா ஒரு தடவையாவது கை நழுவும்னு போட்டேன்."

"நழுவிச்சு" என்றார் பரசுராமன். அந்தப் புதன் பல்லைக் கழற்றவே இல்லை.

தை மாதத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஆண்டு விழா. அதில் பெண்களின் கைவேலைக் கண்காட்சி என்று ஒன்று வைப்போம். எங்கள் செயலாளர் இராமலிங்கம், பத்திரப் பதிவு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். விண்ணப்பத்தில் தையல், கோலம், ஊறுகாய், சணல், இதர என்று ஐந்து வகை வைத்திருந்தார். சந்தனா இதர என்பதில் பெயர் கொடுத்தார். விழாவன்று காலை அவர் விமானத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது நானும் கூட இருந்தேன்.

இராமலிங்கம் வந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மேடம், இது போர் விமானம்ங்களா?"

"ஆமாங்க."

"நாட்டுப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டதாச்சே. அனுமதி ஏதாவது வாங்கணுமா?"

"பொம்மைங்க சார். கடையில விக்கறாங்க."

"அதுக்கில்ல. நாளைக்கு யாராவது கேட்டா நான் பதில் சொல்லணும் பாருங்க." கொஞ்சம் தயங்கினார். "இதுல ஆயுதம் எதுனா இருக்குதா?"

"இல்லைங்க. எல்லாத்தையும் எடுத்தாச்சு."

இராமலிங்கத்தின் முகம் தெளிந்தது. கையோடு ஒரு அட்டையில், 'விமானம் (ஆயுதம் இல்லாதது)' என்று தானே எழுதி மேசையில் நிறுத்தினார்.

பக்கத்து மேசை எங்கள் தெரு வள்ளியின் ஊறுகாய். நார்த்தங்காய், எலுமிச்சை, மாகாளிக்கிழங்கு என்று பதினெட்டு பாட்டில். கூட்டம் அங்கேதான். விமானத்தைப் பார்த்தவர்கள், "நல்லா இருக்குது" என்றுவிட்டு நார்த்தங்காய்க்கு நகர்ந்தார்கள். குறை சொல்ல முடியாது. மேல்பக்கம் மட்டும் பார்த்தால் அது நல்ல பொம்மை, அவ்வளவுதான். ஏழு மாத வேலையில் பாதிக்கு மேல் கீழே இருந்தது. விமானம் சக்கரத்தில் நின்றுகொண்டிருந்தது. தலைகீழாக வைத்துப் பார்த்தார் சந்தனா. இராமலிங்கம் ஓடி வந்தார். "மேடம், விபத்து மாதிரி இருக்குது. விழாவும் அதுவுமா வேணாமே." மறுபடி நிமிர்த்தினார்.

பதினோரு மணிக்குப் பரசுராமன் வந்தார். கூடவே, மஞ்சள் புடவையில் குள்ளமாக ராணியம்மாள். இன்னதைக் காட்டத்தான் கூட்டிப்போகிறேன் என்று அவர் சொல்லியிருக்கவில்லை. திருவண்ணாமலையில் ஒரு வேலை இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தார். மேசைக்கு முன்னால் நின்று, "இதான்" என்றார்.

ராணியம்மாள் பார்த்தார். "ஏரோப்ளேனு."

"இதுக்கு அடியிலதான் எனக்கு வேலை."

ராணியம்மாள் குனிந்தார். மேசை உயரம், அவருக்கோ முட்டி வலி. ஒன்றும் தெரியவில்லை. சந்தனாவுக்கு அப்போதுதான் தோன்றியது. கைப்பையிலிருந்து, டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பல்லின் பின்பக்கம் பார்ப்பார்களே, நீளக் காம்பு வைத்த அந்தச் சின்ன வட்டக் கண்ணாடியை எடுத்து, டார்ச்சையும் போட்டு, விமானத்துக்கு அடியில் நீட்டினார்.

"இதுல பாருங்கம்மா."

ராணியம்மாள் கண்ணாடியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். மூக்கிலிருந்து ஆரம்பித்து வால் வரை மெதுவாக நகர்த்தினார். சக்கரக் குழிகள், குழாய்கள், துப்பாக்கியை எடுத்த இடம், எண்ணெய் இழுபட்ட கறைகள். ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"இவ்ளோ அழுக்குலயா படுத்துக்கினு இருந்த?"

"அழுக்கு இல்ல. எண்ணெய். பெட்ரோலு, கிருஷ்ணாயிலு, தொடைக்கற ஸ்பிரிட்டு எல்லாம் கலந்தது."

"நாறுமா?"

"நாறும். சோப்பு போட்டாலும் போவாது."

ராணியம்மாள் கண்ணாடியைக் கீழே வைத்தார். புருஷனைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"லீவுல வந்தா உன் துணி எல்லாம் ஒரு நாத்தம் நாறும். நீ அங்க குடிக்கறனு நெனச்சிக்கினு இருந்தேன்."

பரசுராமனுக்கு வாய் திறந்தபடி நின்றது. நான்கைந்து பேர் ஊறுகாயை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"நானா? ஒரு நாள் தொட்டது இல்லையே. எத்தினி வருஷமா இப்டி நெனச்சிக்கினு இருக்க?"

"மொத லீவுல இருந்து."

"கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டா இல்லனுதான சொல்லுவ."

ராணியம்மாள் மறுபடி கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். இந்த முறை, "இது இன்னா? இது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பரசுராமன் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் பல் செட்டு உரசுகிறது என்று இரண்டு முறை நிறுத்தினார். திருப்புளி நழுவிய கீறல் வந்தபோது, "இது நான்தான்" என்றார். அந்த அம்மா அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் கண்ணாடியைப் பிடித்திருந்தார்.

அதற்கப்புறம் நடந்ததை நானே பார்த்தேன். கண்ணாடி கைமாறியது. ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று வரிசை நின்றது. வள்ளியே ஊறுகாய் மேசையை விட்டுவிட்டு வந்து பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தச் சின்ன வட்டத்துக்குள் தெரிந்தது பொம்மை மாதிரி இல்லை. யாரோ இப்போதுதான் வேலையை முடித்து எழுந்து டீ குடிக்கப் போன இடம் மாதிரி இருந்தது. வரிசையில் யாரோ, "இதை யார் செஞ்சது?" என்று உரக்கக் கேட்டார்கள். சந்தனா மேசைக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று அவருக்கு உறைக்கவில்லை. அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதே கிடையாது. கடைசியில் மகாவீர்தான் கையைக் காட்டி, "இவங்க" என்றார். எல்லோரும் திரும்பினார்கள். சந்தனா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, சரிசெய்த பிறகும் கையை அங்கேயே வைத்திருந்தார்.

"அன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்று பிற்பாடு ஒரு நாள் கேட்டேன்.

"கூச்சமா இருந்துச்சு" என்றார். கொஞ்சம் கழித்து, "நல்லாவும் இருந்துச்சு. ரெண்டும்தான்" என்றார்.

முதல் பரிசு ஊறுகாய்க்குப் போனது. அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. இதர என்ற வகையில் சந்தனாவுக்குப் பரிசு கிடைத்தது. அந்த வகையில் ஒருவர்தான் கலந்துகொண்டிருந்தார். ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்தோம்.

விமானத்தைப் பரசுராமனே வைத்துக்கொள்ளட்டும் என்று சந்தனா சொன்னார். "எங்க வீட்ல பல்லி ஜாஸ்திம்மா. உங்ககிட்டயே இருக்கட்டும், நாங்க வந்து பாத்துக்கறோம்" என்று ராணியம்மாள் முடித்துவிட்டார். இப்போது அது அக்ஷயாவின் மேசையில், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றின் மேல், வயிறு தெரியும்படி நிற்கிறது. மாதத்துக்கு ஒரு முறை இருவரும் வருகிறார்கள். மோர் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்.

பங்குனியில் சந்தனாவுக்கு அடுத்த பொம்மையை மகாவீரே தேர்ந்தெடுத்தார். போர் சம்பந்தமே இல்லாத, வயலில் வேலை செய்கிற விவசாய விமானம். பெட்டி வந்தது. சந்தனா படப் புத்தகத்தைப் புரட்டினார். இறக்கையின் கீழே வரிசையாக நாற்பது சின்னக் குழாய்கள்.

"இது எதுக்குங்க?"

மகாவீர் போனில் தேடிப் பார்த்தார். முகம் மாறியது. "பூச்சி மருந்து தெளிக்கிறதாம்."

இருவரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தெளிப்புக்கு எத்தனை கோடிப் பூச்சி என்று கணக்கு ஆசிரியர் மனதுக்குள் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாம் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த முறை ஆள் வந்து எடுத்துக்கொண்டான்.

இப்போது செய்துகொண்டிருப்பது காட்டுத் தீயை அணைக்கும் விமானம். ஏரியில் இறங்கித் தண்ணீரை மொண்டுகொண்டு போய்த் தீயின் மேல் கொட்டுமாம். தண்ணீரிலும் உயிர் இருக்கிறது என்று மகாவீர் முதலில் இழுத்தார். ஒரு காடு எரிந்தால் எத்தனை உயிர் போகும் என்று மறுபக்கம் போட்டுப் பார்த்துவிட்டு, "கழிச்சுப் பாத்தா புண்ணியம்தான்" என்று அனுமதி கொடுத்தார்.

போன புதன்கிழமை பரசுராமன் லேபுக்கு வந்தபோது, பாதி ஒட்டிய அந்த விமானம் மேசையில் இருந்தது. எடுத்துக் கவிழ்த்தார். படகு மாதிரி வயிறு, நடுவில் இரண்டு கதவுகள். சக்கரத்தைத் தேடினார். அது பக்கவாட்டில் மடங்கியிருந்தது. மேலும் கீழும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சந்தனாவிடமே நீட்டினார்.

"இதுக்கு அடியில நான் படுத்தது இல்லம்மா. அந்தக் கதவு எப்டித் தெறக்குது?"

சந்தனா புத்தகத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். பரசுராமன் நாற்காலியை முன்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.